கூடும் நோக்கம்

பென்டில் ஹில் ஸ்டேஷனைத் தாண்டும்போது
எங்கே இறக்கிவிட என்றார் யோகராசா.
நூலகத்தில், என்றேன்.
எங்கட இயக்கத்துக்கு அறை பதிய வேணும்.

வாய் தவறி வந்த சொல்.
பச்சை விளக்கில் கார் நின்றது.
பின்னால் ஒருவன் ஹார்னில் வைத்த கையை எடுக்கவில்லை.
இருபத்தாறு வருடம் இந்த ஊரில்
வீட்டுக் கடன் கட்டி,
குப்பைத் தொட்டியை மூடியின் நிறம் பார்த்து வெளியே வைத்து
வாழ்ந்த மனிதர்
அந்தச் சொல்லுக்கு இன்னும் பிரேக் போடுகிறார்.
"வேற சொல் இல்லையா உனக்கு?"

இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.
குழு என்றால் சீட்டுப் பிடிப்பது.
சங்கம் என்றால் பொங்கல், பட்டுச்சேலை, மைக் டெஸ்ட்டிங்.
கட்சி என்றால் டெஸ் ஹாலிகன் எழுந்து போய்விடுவார்.
நாற்பது வருடம் குழாய் பழுதுபார்த்தவர்.
"கக்கூஸ் கதவைச் சாத்துகிறவன் எந்தக் கட்சி?"
அவரிடம் உள்ள ஒரே வாதம் இதுதான்,
வாராவாரம் கொண்டுவருவார்.

ஆறு பேர் நாங்கள். செவ்வாய்க்கிழமை, ஏழு மணி.
வருகிறவர்களுக்குப் போனைப் பூட்டக் கற்றுத்தருகிறோம்.
அடிக்கிற புருஷனிடமிருந்து ஓடிவந்தவளுக்கு
அவள் ஒளிந்திருக்கும் தெருவை
அவள் போனே அவனுக்குச் சொல்லிக்கொண்டிருப்பதைக் காட்டி
அதன் வாயை அடைக்கிறோம்.
அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று நான் சொல்லும்போதெல்லாம்
ஸாகர் சிரிப்பான். சட்டம் படிக்கிற பையன்.
"பூட்டுக்கு இன்னொரு சாவி செய்து தரச் சொல்லி
ஒருநாள் கேட்பார்கள்.
நீங்கள் மாட்டேன் என்பீர்கள்.
அன்றைக்குத்தான் உங்களுக்குப் பெயர் வரும், அக்கா.
தடை செய்கிறவர்தான் பெயர் வைக்கிறவர்."

வானொலியில் ஓர் அமைச்சர்
ஒளிக்க ஒன்றுமில்லாதவர் ஏன் பயப்பட வேண்டும் என்றார்.
"அப்படியென்றால் முதலில்
திரைச்சீலைக் கடைக்காரனைப் பிடி" என்றார் டெஸ்,
வானொலியிடம்.

நூலகத்தில் கோலீன் படிவத்தை நீட்டினாள்.
பேனா சங்கிலியில் கட்டியிருந்தது.
அமைப்பின் வகை:
மதம், விளையாட்டு, கலை, அரசியல், வேறு.
ஒன்றுக்கு மட்டும் சரி போடவும்.
அரசியல் என்றால் இன்னும் இரண்டு பக்கம்,
காப்புறுதி, மேலிடத்து அனுமதி.
கீழே, கூடும் நோக்கம்.
அதற்கும் கீழே
வருவோர் அனைவரின் பெயர், தொலைபேசி, மின்னஞ்சல்.

வெள்ளவத்தையில் ஒருமுறை
இப்படி ஒரு தாளை நிரப்பியிருக்கிறேன்.
பொலிஸ் பதிவு. வயது, சொந்த இடம்,
கொழும்புக்கு வந்த நோக்கம்.
பல் பிடுங்க, என்று எழுதினேன். உண்மை அது.
வாயைத் திறந்து காட்டச் சொன்னார்கள்.

என் பேனா நிற்பதைக் கோலீன் பார்த்தாள்.
"பின்னல்காரர்கள் இந்த மாதம் வருவதில்லை" என்றாள்.
"மேவிஸுக்கு இடுப்பில் அறுவை.
அறை அவர்கள் பெயரிலேயே இருக்கட்டும்."

எங்கள் கதவில் அன்று 'பின்னல் வட்டம்' என்று இருந்தது.
டெஸ் அதை இரண்டு தடவை சத்தமாக வாசித்தார்.
எனக்கு உறுத்தியது.
ஒரு சட்டத்தையும் மீறவில்லை நாங்கள்,
பிறகேன் கம்பளி நூலுக்குப் பின்னால் இருக்கிறோம்?
அப்படி இருப்பது என் உரிமை என்றுதானே
வாராவாரம் சொல்லிக்கொடுக்கிறேன்?
இரண்டுக்கும் ஒரே வாய்தான்.

ஏழேகாலுக்கு ஒருவர் வந்தார்.
சாம்பல் நிற ஜம்பர். கையில் போன் இல்லை.
பின்னல் ஊசியும் இல்லை.
பெயர் சொல்லவில்லை.
பெயர் கேட்பதில்லை என்பது
நாங்களே எழுதிச் சுவரில் ஒட்டிய முதல் விதி.
ரொக்ஸான் என்னைப் பார்த்தாள். நான் ஸாகரைப் பார்த்தேன்.
டெஸ் பிஸ்கட் டின்னை அவர் பக்கம் தள்ளினார்.

ஒன்றை எடுத்து, ஓரத்தில் மட்டும் கடித்து,
சின்னக் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து
மிக மரியாதையாகக் கேட்டார்:
"இது என்ன மாதிரியான அமைப்பு?"

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.
வெளியே, கார் நிறுத்துமிடத்தில்,
போய்விட்டார் என்று நான் நினைத்த யோகராசாவின் கார்
விளக்கை அணைத்துவிட்டு
இயங்கிக்கொண்டிருந்தது.